அத்திப்பள்ளிக்குப் போன தேர்

ஓசூரில் நான் டீச்சராகச் சேர்ந்த இரண்டாம் வருஷம், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் எனக்கு ராணி வேஷம் போட்டு ஒரு ஜட்காவில் ஏற்றினார்கள். ஏறிய இடம் பள்ளிக்கூட மைதானம், சென்னை ராஜ்ஜியம். இறங்கிய இடம் அத்திப்பள்ளி டீக்கடை, மைசூர் ராஜ்ஜியம். நடுவில் நடந்ததைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். வண்டியில் இருந்தவள் நான் என்பதால் என் வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் எங்கள் ஹெட்மாஸ்டரால் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். ஐம்பதைத் தாண்டியவர். பொய் சொல்லத் தெரியாதவர். வீட்டிலும் வெளியிலும் புத்தகத் தமிழில்தான் பேசுவார். எங்கள் ஊரிலோ ஒரே வாக்கியம் தெலுங்கில் ஆரம்பித்துக் கன்னடத்தில் திரும்பித் தமிழில் வந்து முடியும். சந்தைக்குப் போய்வந்தால் அவருக்குத் தலைவலி வந்துவிடும். அந்த வலிக்கு அவரிடம் இருந்த ஒரே மருந்து தேர்.

கோயில் தேரைச் சொல்லவில்லை. அதை அவர் மதிப்பதே இல்லை. "ஊரே கூடி இழுத்தும் அசையாத ஒன்றைத் தேர் என்று எப்படி அழைப்பது? அது சக்கரம் வைத்த கோபுரம்" என்பார். அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்தது போர்த்தேர். எகிப்து ராஜாக்களின் தேர் அத்தனை லேசாக இருக்குமாம், ஒரே ஆள் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கலாமாம். ரோமாபுரியில் தேர்ப்பந்தயம் விடுகிறவன் கடிவாள வாரை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்வானாம். விழுந்தால் குதிரை தன்னை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க, வாரை அறுக்க இடுப்பிலேயே ஒரு கத்தியும் வைத்திருப்பானாம். நம் ராஜாக்கள் பாட்டுப் பாடி வந்தவர்களுக்கெல்லாம் தேரைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்களாம். இதையெல்லாம் டீ குடிக்கும் நேரத்தில் எங்களுக்குச் சொல்லுவார். கணக்கு வாத்தியார் ஒருநாள், "பரிசா வாங்கிட்டுப் போனவரு குதிரைக்குக் கொள்ளு எங்க சார் வாங்குனாரு?" என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் அவருடன் ஒரு வாரம் பேசவில்லை.

இப்படிப்பட்டவர் நாடகம் எழுதினால் அதில் தேர் இல்லாமல் இருக்குமா? தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் சண்டை. தேவர்களுக்கு உதவியாகப் போகிறார் அயோத்தி ராஜா. பத்துத் திசையிலும் தேர் ஓட்டியவன் என்று பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டிருப்பவர். அவருக்குத் தேர் ஓட்டுகிறவள் அவருடைய இளைய ராணி. அசுரனின் அம்பு பட்டு ராஜா தேரிலேயே மயங்கி விழுகிறார். அதே சமயம் சக்கரத்தின் கடையாணி கழன்றுவிடுகிறது. ராணி தன் விரலையே ஆணியாகக் கொடுத்துத் தேரைக் காப்பாற்றுகிறாள். ராஜா கண் விழித்து இரண்டு வரம் கொடுக்கிறார். அந்த வரங்களால் பின்னால் என்ன ஆயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். நாடகம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

ராஜா வேஷம் ஹெட்மாஸ்டருக்கு. எழுதியவர் அவர், வேறு யார் கேட்க முடியும்? அசுரன் எங்கள் டிரில் மாஸ்டர். மீசை அவருடைய சொந்த மீசை. ராணிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஆண்பிள்ளைக்கு வேஷம் கட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்குப் பார்த்து நான் ஸ்டாஃப் ரூமில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் நிலத்திலிருந்து மாங்காய் ஏற்றிய வண்டியை மண்டி வரைக்கும் நானே ஓட்டியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஹெட்மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "தேர்ப்பாகி கிடைத்துவிட்டாள்" என்றார்.

"சார், நான் ஓட்டுனது மாட்டு வண்டிங்க."

"விலங்கு எதுவாயினும் கலை ஒன்றே, டீச்சர்."

அது கலை இல்லை, வெறும் வால் முறுக்கல் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

தேருக்கு ஒரு ஜட்கா அமர்த்தினார்கள். பஸ் நிற்கும் இடத்தில் வண்டி வைத்திருந்த பாய் ஒருவருடையது. அமைதியான மனிதர். எது கேட்டாலும் சரி என்பார். கூண்டைக் கழற்றட்டுமா என்றதற்கும் சரி என்றார், மூங்கில் கட்டி ஜிகினாக் காகிதம் ஒட்டட்டுமா என்றதற்கும் சரி என்றார். சாம்பல் நிறக் குதிரைக்குத் தலையில் மயில் இறகு செருகியபோது மட்டும், "அதுக்குக் கூச்சமா இருக்குங்க" என்றார். போர்த்தேருக்குக் குறைந்தது இரண்டு குதிரை வேண்டுமே என்று ஹெட்மாஸ்டர் வருத்தப்பட்டார். பாயிடம் இருந்தது ஒன்றுதான். அதற்கும் ஒரு காது மடிந்திருந்தது.

"முரண்டு பண்ணுமா பாய்?" என்று நான் தனியாகக் கேட்டேன்.

"ரொம்ப சாதுங்க டீச்சரம்மா. தெனமும் அத்திப்பள்ளிக்கு சவாரி போற குதிர. வழி அதுக்கே தெரியும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், அது பாட்டுக்குப் போவும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது.

கடையாணிதான் பெரிய வாக்குவாதம் ஆயிற்று. அம்பு பட்டதும் ஆணி கழன்று விழுவதை ஜனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் ஹெட்மாஸ்டர். பாய் முதல்முறையாகச் சரி சொல்லவில்லை. "ஆணிய எடுத்தா சக்கரம் கழண்டுக்கும் சார். இது நாடகச் சக்கரம் இல்லீங்க, நெசச் சக்கரம்" என்றார். கடைசியில் ஒரு சமாதானம் ஆனது. இரும்பு ஆணியை எடுத்துவிட்டு ஒரு மரத் துண்டைச் சீவிச் செருகுவது. நான் குனிந்து அதைப் பிடுங்கிக் காட்டிவிட்டு, அந்த இடத்தில் விரலை வைத்த மாதிரி நிற்பது. தேர் அப்போது நின்றுகொண்டிருக்கும், ஆபத்து இல்லை. இதற்கு என் இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே கடிவாள வாரை என் இடுப்பில் ரோமாபுரி வழக்கப்படி கட்டினார்கள்.

"கத்தி வேணாமா சார்?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூட விழாவில் கத்தி எதற்கு?" என்றார் ஹெட்மாஸ்டர்.

விழா அன்று சாயங்காலம் வெயில் இறங்கும்போதே மைதானம் நிறைந்துவிட்டது. முன்வரிசை நடுவில் மாலையோடு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். பெண்கள் பக்கத்தில் முன்னால் ஹெட்மாஸ்டரின் சம்சாரம். நான் சரிகைப் புடவையில், தலையில் அட்டைக் கிரீடத்தோடு, வண்டியின் முன்பக்கம் நின்றிருந்தேன். பின்னால் ஹெட்மாஸ்டர். வெல்வெட் அங்கி, ஒட்டுத் தாடி, வில், தோளில் அம்பறாத்தூணி. வண்டியில் ஏறும்போதே அவர் முகம் வெளுத்திருந்தது. போர்த்தேரைப் பற்றி அத்தனை தெரிந்தவருக்குக் குதிரை என்றால் பயம் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். அவர் காலடியில் மூடி போட்ட ஒரு பித்தளைச் செம்பு. போருக்குப் போகும் ராஜாவுக்குத் தேவர்கள் கொடுத்து அனுப்பிய சோமபானம். உள்ளே இருந்தது நன்னாரி சர்பத்.

தேர் மைதானத்துக்குள் வந்ததும் கைதட்டல். குதிரை பாய் சொன்ன மாதிரியே சாதுவாக நடந்தது. அசுரன் எதிரே வந்து தொடையைத் தட்டிக்கொண்டு வசனம் பேசினார். டிரில் மாஸ்டருக்கு வீட்டில் தெலுங்கு. கோபம் ஏறினால் தமிழ் மறந்துவிடும். "ஓரி அயோத்தி ராஜா, ரா" என்று ராஜாவை வாடா என்று கூப்பிட்டார். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஹெட்மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் வசனம் சொன்னார். அசுரன் அம்பை விட்டார். அது ராஜா மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. ராஜா "ஆ" என்று வண்டிக்குள் சாய்ந்து கண்ணை மூடினார்.

ஒத்திகைப்படி நான் அப்போது குனிந்து ஆணியைப் பிடுங்க வேண்டும். ஒத்திகையில் இல்லாத ஒன்றை டிரில் மாஸ்டர் தன் யோசனையில் சேர்த்திருந்தார். அசுரனின் மாய அஸ்திரத்துக்குச் சத்தம் வேண்டுமே என்று மேடைக்குப் பின்னால் ஒரு யானை வெடியை வைத்துவிட்டார்.

வெடித்தது.

குதிரை முன்னங்காலைத் தூக்கவில்லை, கனைக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. காதை மட்டும் ஒருமுறை ஆட்டிவிட்டு, இந்த இடம் நமக்குச் சரிப்படாது என்று தீர்மானித்த மாதிரி திரும்பி, மைதானத்தின் கேட்டு வழியாக வெளியே ஓடியது. ரோட்டுக்கு வந்ததும் தினமும் திரும்பும் பக்கமே திரும்பியது. பெங்களூர் ரோடு. பின்னால் கைதட்டல் வானத்தைப் பிளந்தது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ராணி மயங்கிய ராஜாவைப் போர்க்களத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டு போகிறாள், கதையிலும் அப்படித்தானே?

நான் வாரைப் பிடித்து இழுத்தேன். குதிரை என்னை இழுத்தது. வார் என் இடுப்பில் கட்டியிருந்ததால் இழுபறியில் யார் கை ஓங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஹோ ஹோ" என்றேன். மாடு நிற்கும் சத்தம் அது. குதிரை அதை அவமானமாக நினைத்ததோ என்னவோ, இன்னும் கொஞ்சம் வேகம் எடுத்தது. தமிழில் நில்லு என்றேன், கன்னடத்திலும் அதுதான் சொல், அதனால் இரண்டு பாஷை ஒரேயடியாக முடிந்துபோயிற்று. தெலுங்கில் "ஆகு, ஆகு" என்றேன். பலன் இல்லை.

பின்னால் ஹெட்மாஸ்டர் கண்ணை மூடியபடியே கிடந்தார். ராஜா கண் விழிக்க வேண்டியது அடுத்த காட்சியில்தான். அவர் ஒழுங்கு தவறாதவர்.

கொஞ்ச தூரம் போனபிறகு மெதுவாக, உதடு அசையாமல், "மிக நன்றாக ஓட்டுகிறீர்கள், டீச்சர். மைதானத்தை இத்தனை முறை சுற்ற வேண்டியதில்லை. போதும், நிறுத்தலாம்" என்றார்.

"சார், கண்ணத் தொறந்து பாருங்க."

"இன்னும் மயக்கம் தெளியவில்லையே."

"மயக்கம் தெளிஞ்சிரிச்சு சார். நாம ஊரத் தாண்டிட்டோம்."

கண்ணைத் திறந்தார். ஒருபக்கம் புளியமரம், இன்னொரு பக்கம் ராகிக் காடு. எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. பஸ் டிரைவர் எங்களைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். பிரயாணிகள் ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஹெட்மாஸ்டர் இரண்டு கையாலும் வண்டிக் கட்டையைப் பிடித்திருந்தார். ஆனாலும் மரியாதை தெரிந்தவர் ஆகையால் தலையை மட்டும் ஆட்டி வணக்கம் சொன்னார். தாடியில் பாதி காற்றில் போயிற்று.

ஜூஜுவாடியில் செக்போஸ்ட் இருந்தது. எங்கள் பக்கம் மதுவிலக்கு, மைசூர்ப் பக்கம் சாராயக் கடை உண்டு. அதனால் வருகிறவர்களைத்தான் சோதிப்பார்கள், போகிறவர்களைக் கேட்பதில்லை. அங்கே நின்ற போலீஸ்காரர் நாங்கள் போவதை வாயைப் பிளந்து பார்த்தார். நான், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். அவர், "போலாங்க, போலாங்க" என்று கையைக் காட்டினார்.

எல்லையைத் தாண்டியதும் குதிரை ஓட்டத்தை விட்டுத் துள்ளு நடைக்கு வந்தது. அப்பாடா என்று கீழே பார்த்தேன். இடது சக்கரம் ஒயிலாக ஆடிக்கொண்டு வந்தது. உற்றுப் பார்த்தால் மரத் துண்டு இருந்த இடத்தில் மரத் துண்டு இல்லை. சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்துகொண்டிருந்தது.

"சார், கடையாணி கழண்டுடிச்சு."

ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார். பிறகு என் வலது கையைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார்.

"சார்," என்றேன், "மாட்டன்."

"நான் ஒன்றும் சொல்லவில்லையே."

"நெனச்சீங்க."

அவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்று முன்னமே சொன்னேன். பார்வையை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நல்லவேளை, அத்திப்பள்ளி வந்துவிட்டது. சாலையோரத்து டீக்கடை முன்னால் குதிரை தானாக நின்றது. பாய் தினமும் டீ குடிக்கிற கடை அது. இடுப்பு வாரை அவிழ்த்துக்கொண்டு இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தேன். இன்னும் ஒரு விரற்கடை வெளியே வந்திருந்தால் ராஜாவும் ராணியும் ரோட்டில் கிடந்திருப்போம். கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாய் எங்கே என்று கன்னடத்தில் குதிரையிடம்தான் முதலில் விசாரித்தார். "ஏனோ, பாய் எல்லி?" பிறகு எங்களிடம் திரும்பி, "ஏன்ரீ இது, நாடகானா?" என்றார்.

"ஆமாங்க, நாடகந்தாங்க" என்றேன். "குதிரைய எப்பிடித் திருப்பறதுன்னு தெரியல."

அவருக்குத் தமிழும் வரும். "அது இப்ப திரும்பாதும்மா. பாய் டீ குடிச்சு முடிச்சாத்தான் திரும்பும். பழக்கம்."

"பாய் ஓசூர்ல இருக்காருங்களே."

"அப்ப நீங்க குடிங்க."

வேறு வழி தெரியவில்லை. அயோத்தி ராஜா பெஞ்சில் உட்கார்ந்து, மிச்சமிருந்த தாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டீ குடித்தார். சுற்றிலும் கூட்டம். ஒரு கிழவர் ராஜாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைக்காரர் குதிரைக்கு ஒரு பன் கொடுத்தார். இதற்கிடையில் நான் ராஜாவின் அம்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, கால்முட்டியில் வைத்து ஒடித்து, சக்கரத்தை உள்ளே தள்ளிவிட்டு, மூங்கில் துண்டை அச்சுத் துளையில் செருகிக் கல்லால் தட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஹெட்மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இந்த யோசனை அந்த ராணிக்கு ஏன் தோன்றவில்லை?" என்றார். உண்மையாகவே யோசித்தார்.

"தோணியிருந்தா வரம் கெடச்சிருக்காதே சார்" என்றேன்.

டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டதும் குதிரை வண்டியோடு திரும்பி ஓசூர்ப் பக்கம் பார்த்து நின்றது. ஏறிக்கொண்டோம். நடையாகவே கூட்டிப்போயிற்று.

ஜூஜுவாடியில் அதே போலீஸ்காரர். போகும்போது கையைக் காட்டியவர் இப்போது கையை நீட்டித் தடுத்தார். அரிதாரம் வழிந்த முகம், காற்றில் சிவந்த கண், ஒருபக்கத் தாடி. அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வருகிறோம். அவர் நினைத்ததில் தப்பே இல்லை.

"எங்கிருந்து வர்றீங்க?"

"போர்க்களத்திலிருந்து" என்றார் ஹெட்மாஸ்டர். நாள் முழுக்க வசனம் பேசியவருக்கு அதுதான் வாயில் வந்தது.

போலீஸ்காரர் கிட்டத்தில் வந்து மோந்து பார்த்தார். பிறகு காலடியில் இருந்த செம்பைப் பார்த்தார். "அதுல என்னா?"

நான் சர்பத் என்று சொல்வதற்குள் ஹெட்மாஸ்டர், "சோமபானம்" என்றார்.

"பானமா?"

"தேவர்கள் அருந்துவது."

"குடிச்சா என்னா ஆவும்?"

"உற்சாகம் பிறக்கும். கவலை மறையும்."

"யாரு குடுத்தது?"

"தேவலோகத்திலிருந்து."

"அது எந்தத் தாலுக்கா?"

"சார், பேசாம இருங்க" என்றேன். "ஐயா, அது நன்னாரி சர்பத்துங்க. இவரு எங்க ஹெட்மாஸ்டருங்க. நான் டீச்சருங்க. நாடகத்துல குதிரை வெருண்டு ஓடியாந்துரிச்சு."

"ஹெட்மாஸ்டரு. டீச்சரு. ரெண்டு பேரும் மட்டும் வண்டியேறி எல்லையத் தாண்டிப் போயி, செம்போட திரும்பி வர்றீங்க." அவர் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல்லச் சொல்ல, அது எப்படிக் கேட்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கிருஷ்ணகிரியில் என் அப்பா காதுக்கு இது எந்த உருவத்தில் போய்ச் சேரும் என்று நினைத்துப் பார்த்தேன்.

போலீஸ்காரர் செம்பைத் தூக்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். சந்தேகம் தீரவில்லை போலிருக்கிறது, இன்னொரு வாய் குடித்தார். பகலெல்லாம் வெயிலில் நின்ற மனிதர். செம்பு காலியாகும் வரை அவருக்குச் சந்தேகம் தீரவே இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "சர்பத்து மாதிரிதான் இருக்குது" என்றார். "ஆனா சாட்சி வேணும். நாடகம்னு எப்பிடி நம்பறது?"

அப்போது ஓசூர் ரோட்டில் ஒரு சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவர் பாய். பின் கேரியரில், இரண்டு பக்கமும் காலைப் போட்டுக்கொண்டு, கொம்பு வைத்த கிரீடமும் கோரைப்பல்லுமாக அசுரன். கையில் கதாயுதம். செக்போஸ்டைப் பார்த்ததும் டிரில் மாஸ்டர் குதித்து இறங்கி, "சார், அம்மா, பாகுன்னாரா?" என்று தெலுங்கில் நலம் கேட்டு அலறிக்கொண்டு ஓடிவந்தார். போலீஸ்காரர் இரண்டடி பின்வாங்கித் தன் தடியைத் தேடினார்.

"சாட்சி வந்தாச்சுங்க" என்றேன்.

டிரில் மாஸ்டர் கோரைப்பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். வெடி வைத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டு ஹெட்மாஸ்டர் காலில் விழப் போனார். ஹெட்மாஸ்டர், "எழுந்திருங்கள், போரில் இதெல்லாம் உண்டு" என்றார். பாய் யாரையும் பார்க்கவில்லை. நேரே போய்க் குதிரையின் கழுத்தைத் தடவினார். சக்கரத்தில் செருகியிருந்த அம்பைப் பார்த்தார். மடியிலிருந்து இரும்பு ஆணியை எடுத்து மாட்டினார். "டீ குடிச்சிருச்சுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

போலீஸ்காரருக்கு அரை மனசுதான். அவர் வேலைநேரம் முடிகிற சமயம். நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் விடுவேன் என்று தானும் வண்டியில் ஏறிக்கொண்டார். பாய் ஓட்டினார். ராஜா, ராணி, போலீஸ் மூன்று பேரும் உள்ளே. அசுரன் சைக்கிளில் பின்னால் மிதித்துக்கொண்டு வந்தார்.

மைதானத்துக்கு வந்தபோது பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றியிருந்தார்கள். ஒரு ஆள் எழுந்து போகவில்லை. நாங்கள் வரும்வரை கணக்கு வாத்தியார் முனிவர் வேஷத்தில் மேடையேறி, தெரிந்த பாட்டெல்லாம் பாடித் தீர்த்து, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். தேர் உள்ளே நுழைந்ததும் எழுந்த கைதட்டலைப் போல நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. போலீஸ்காரரையும் நாடகத்தில் ஒரு வேஷம் என்று எண்ணி அவருக்கும் தட்டினார்கள். அவர் கூச்சத்தோடு முன்வரிசையில் ஒரு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

மிச்சம் இருந்தது வரம் கொடுக்கும் காட்சி. ஹெட்மாஸ்டர் களைத்துப் போயிருந்தார். ஆனாலும் குரல் கம்பீரமாகவே வந்தது. "தேவி, உன்னால் உயிர் பிழைத்தேன். இரண்டு வரங்கள் தருகிறேன். எது வேண்டுமாயினும் கேள்."

என் வசனம், "பிறகு கேட்டுக்கொள்கிறேன், பிரபு" என்பது. அதைச் சொல்லி வணங்கினால் திரை விழும். ஆனால் இடுப்பு வலித்தது. கிரீடம் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. எதிரே இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் பெண் டீச்சர்கள் மூன்று பேர். எங்களுக்கென்று உட்கார ஒரு இடம் கிடையாது. தேசப்படம் வைக்கிற அலமாரிக்குப் பின்னால் நின்றபடியே சாப்பிடுவோம். இரண்டு முறை எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை.

"பிரபு," என்றேன், "ஒரு வரத்தை இப்பொழுதே கேட்கிறேன்."

ஹெட்மாஸ்டர் திகைத்தார்.

"இந்த ராஜ்ஜியத்தில் பெண் டீச்சர்களுக்கு ஒரு அறை வேண்டும். கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறை."

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து முதலில் ஒரு கை தட்டியது. அது ஹெட்மாஸ்டரின் சம்சாரம். பிறகு எல்லோரும் தட்டினார்கள். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே ராஜாவைப் பார்த்தார். ராஜா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "தந்தேன்" என்றார் மெல்ல.

"இன்னொரு வரத்தைப் பிறகு கேட்டுக்கொள்கிறேன்" என்று வணங்கினேன். திரை விழுவதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்தேன். கதையில் அந்த வார்த்தையை நம்பிய ராஜாவுக்கு என்ன ஆயிற்று என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள். நான் பயந்தபடியே ஆகியிருந்தது. ஹெட்மாஸ்டரோடு மைசூர் ராஜ்ஜியத்துக்கு ஓடிப்போன டீச்சரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தது என்று ராத்திரியே யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தால் அதில் பொய் அதிகம் இல்லை. அம்மா அழுது முடித்திருந்தாள். அப்பா, "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், பொட்டியக் கட்டு, போலாம்" என்றார்.

நான் பெட்டியைக் கட்டவில்லை. நேரே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். "சார், ரெண்டாவது வரம்" என்றேன்.

அவர் கையில் இருந்த பேனா கீழே விழுந்தது.

"எங்கப்பா வந்திருக்காரு. நீங்கதான் அவருகிட்ட பேசணும்."

பேனாவை எடுத்துக்கொண்டு அவர் பெருமூச்சு விட்டதைப் பார்த்தால், நான் அயோத்தியையே கேட்டுவிடுவேன் என்று பயந்திருந்தார் போல. உடனே வீட்டுக்குப் போய்ச் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பாவை உட்காரவைத்து நால்வகைப் படையிலிருந்து ஆரம்பித்தார். எகிப்துக்குப் போய், ரோமாபுரியைச் சுற்றி, அயோத்திக்கு வருவதற்குள் அப்பாவுக்குக் கோபம் தீர்ந்து கொட்டாவி வந்துவிட்டது. ஹெட்மாஸ்டரின் சம்சாரம்தான் கையமர்த்தினார்.

"நான் சொல்றேங்க. குதிரை மிரண்டு ஓடித்து. உங்க பொண்ணு இல்லேன்னா இவர் இன்னிக்கு ஆஸ்பத்திரியில. இவரோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்றேன், என்னை ஒரு வண்டியில வச்சு ஒரு இடத்துக்குக் கூட்டிண்டு போனதில்லை. அந்த மனுஷன் யாரையாவது கூட்டிண்டு ஓடுவாரா? நீங்களே பாருங்கோ."

அப்பா ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். கன்னத்தில் ஒட்டுத் தாடியின் பசை இன்னும் போகாமல் இருந்தது. அப்பாவுக்குத் திருப்தி ஏற்பட்டது என்று நினைக்கிறேன். என் பக்கம் திரும்பினார்.

"குதிரைய நீ ஓட்டுனியா, அது உன்ன இழுத்துக்கிட்டுப் போச்சா?"

"இழுத்துக்கிட்டுப் போச்சுப்பா."

"கடிவாள வார எங்க புடிச்ச?"

"இடுப்புல கட்டியிருந்தாங்க."

அப்பா ஹெட்மாஸ்டரைப் பார்த்து, "வார இடுப்புல கட்டற ஊருல எவன் சார் உசுரோட இருந்தான்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஹெட்மாஸ்டரிடம் பதில் இருந்தது. ஆனால் அவர் சம்சாரம் முறைத்ததால் சொல்லவில்லை.

நான் வேலையில் இருந்தேன். அம்மா ஒரு வாரம் என்னோடு தங்கி, என்னைப் பற்றிப் பேசியிருக்கக்கூடிய வீடுகளுக்கெல்லாம் போய் வெற்றிலை போட்டுவிட்டு வந்தாள். பெண் டீச்சர்களுக்கு அறை கிடைக்கக் கோடை விடுமுறை முடிய வேண்டியிருந்தது. சின்ன அறைதான், ஒரே ஜன்னல். தாழ்ப்பாளை மட்டும் தச்சர் வெளிப்பக்கம் வைத்துவிட்டார். உள்பக்கம் மாற்றச் சொல்லி நாங்கள் மூன்று பேரும் போய் நின்றபோது, ஹெட்மாஸ்டர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, அடுத்த வருஷ நாடகத்துக்குக் கப்பல் சண்டை எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.